நாட்காட்டிக் கோப்பும் இருவகை ஓடைகளும்

முன்னுரை

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் ஒரு பத்திரம் அவர்கள் முன் கொண்டுவரப்பட்டதாகவும், அதில் ‘ஷஅபான்’ என்று திங்களின் பெயர் மட்டுமே குறிக்கப்பட்டிருந்ததாகவும், ‘இது எந்த ஆண்டின் ஷஅபான்?’ என்று அவர்கள் வினவியதாகவும் வரலாற்று நூல்கள் கூறும். சென்ற ஆண்டா, நடப்பு ஆண்டா, வரும் ஆண்டா என்று துணிய இயலாத அந்நிலையே, கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்தை முதலாகக் கொண்ட ஆண்டுக் கணக்கு ஏற்படக் காரணங்களுள் ஒன்றாக அமைந்தது என்பர். அப்பத்திரத்தில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. எழுதியவர் தெளிவாகவே எழுதியிருந்தார். எழுதியதை எவ்வாறு கொள்ள வேண்டும் என்ற குறிப்புத்தான் உடன் வரவில்லை.

இதே குறை இன்று வேறொரு வடிவில் நம்முன் நிற்கிறது. கூட்டம், தேர்வு, கருத்தரங்கு, திருமணம், இஃப்தார் நிகழ்ச்சி என எதற்கும் மின்னஞ்சல்வழி அழைப்பு அனுப்பும் வழக்கம் பெருகிவிட்டது. அவ்வஞ்சலுடன் நாட்காட்டிக் கோப்பு ஒன்று இணைக்கப்படுகிறது. பெறுவோர் அதனைத் தொட்டால் நாளும் நேரமும் இடமும் அவரது கைப்பேசி நாட்காட்டியில் தாமே சென்று அமர்கின்றன. ஆனால் தமிழில் எழுதப்பட்ட அழைப்பு சில வேளைகளில் உருத்தெரியாத குறிகளாக மாறிவிடுகிறது. சில வேளைகளில் இணைப்பே வெறுமையாக வந்து சேர்கிறது. சில வேளைகளில் நிரல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ‘கணிப்பொறிக்குத் தமிழ் ஒத்துவராது’ என்று சிலர் இதற்கு எளிதாகத் தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பு சரிதானா என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றுட் பெரும்பாலானவை ‘ஸ்ட்ரீம்’ என்று நிரலாளர் வழங்கும் ஓடையின் வகையைப் பிரித்தறியாமையால் நேர்வன என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

நாட்காட்டிக் கோப்பின் இயல்பு

நிகழ்ச்சிக் குறிப்புகளை ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்குப் பொதுவான வடிவம் ஒன்று வேண்டும் என்ற தேவை 1990களில் உணரப்பட்டது. ‘வி-காலண்டர்’ என்னும் வடிவம் 1996இல் வந்தது. அதன் வழியில் ‘ஐ-காலண்டர்’ என்னும் தரம் 1998ஆம் ஆண்டு நவம்பரில் ஆர்.எஃப்.சி. 2445 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டது. 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 5545 அதனைத் திருத்தி அதன் இடத்தைப் பெற்றது.

இக்கோப்பைத் திறந்து பார்த்தால் அதில் மறைபொருள் ஏதும் இல்லை. வரிவரியாக எழுதப்பட்ட ஒரு குறிப்பேடுதான் அது. ‘பிகின்’ என்ற சொல்லால் தொடங்கி ‘எண்ட்’ என்ற சொல்லால் முடிவுறும். இடையே தொடக்க நேரத்துக்கு ஒரு வரி, முடிவு நேரத்துக்கு ஒரு வரி, நிகழும் இடத்துக்கு ஒரு வரி, நிகழ்ச்சியின் தலைப்புக்கு ‘சம்மரி’ என்ற பெயருடன் ஒரு வரி என அமைந்திருக்கும். ஒவ்வொரு வரியிலும் முதலில் பெயர், அடுத்து முக்காற்புள்ளி, அதனை அடுத்துச் செய்தி. எழுத்தறிந்த எவரும் கண்ணால் படித்துவிடலாம்.

இங்குதான் சிக்கலின் வித்து உள்ளது. நிழற்படம் ஒன்றை மின்னஞ்சலில் இணைத்தால் அதனை எழுத்தாகப் படிக்க எந்த நிரலாளரும் முயல்வதில்லை. நாட்காட்டிக் கோப்போ இயல்பால் எழுத்து, பயணத்தாலோ இணைப்பு. எழுத்து என்று கருதி ஒருவர் ஒரு வழியில் கையாள்கிறார். இணைப்பு என்று கருதி மற்றொருவர் வேறு வழியில் கையாள்கிறார். இருவழியும் சந்திக்கும் இடத்தில் பிழை தோன்றுகிறது.

பைட்டும் எழுத்தும்

கணிப்பொறியின் நினைவகத்தில் எழுத்து என்று எதுவும் இல்லை. எண்களே உள்ளன. 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்றைத் தாங்கும் சிற்றறைக்குப் பைட்டு என்று பெயர். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாட்டுக்குக் குறியேற்றம் என்று பெயர்.

ஆங்கிலத்துக்கு இவ்வுடன்பாடு எளிதாக அமைந்தது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்களும் நிறுத்தக் குறிகளும் 128 இடங்களுக்குள் அடங்கிவிட்டன. ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்ற நிலை ஏற்பட்டது. அதனால் பைட்டும் எழுத்தும் ஒன்றே என்னும் மயக்கமும் உடன் ஏற்பட்டது.

தமிழுக்கு நேர்ந்தது வேறு. 1990களில் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தென்பட்டன. அந்நிலையைப் போக்கவே 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணையம் மாநாட்டில் ‘டாம்’, ‘டாப்’ ஆகிய குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டன. பின்னர் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு நிலைபெற்றது. அதனைப் பைட்டுகளாக எழுதும் முறைகளுள் இன்று பெருவழக்காக உள்ளது ‘யூ.டி.எஃப்-8’ என்பதாகும். இதனை 1992இல் கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரும் வகுத்தனர்.

யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. அரபு எழுத்துக்கு இரண்டு பைட்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ‘அ’ என்னும் எழுத்து 224, 174, 133 என்ற மூன்று எண்களாகப் பதிவாகிறது. அகரம் அல்லாத உயிர் ஏறிய உயிர்மெய் எழுத்தாயின் மெய்க்கு ஒரு குறியீடு, உயிர்க்குறிக்கு ஒரு குறியீடு என இரண்டு சேரும். மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு.

‘கல்லூரி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி எண்ணினால் க, ல், லூ, ரி என நான்கு எழுத்து. யூனிகோடுப்படி எண்ணினால் ஏழு குறியீடு. பைட்டால் எண்ணினால் இருபத்தொன்று. ஒரே சொல்லுக்கு மூன்று எண்ணிக்கை. ‘இச்சொல்லின் நீளம் என்ன?’ என்று நிரலைக் கேட்டால், எதனால் எண்ண வேண்டும் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

அறபுத்தமிழ் தரும் ஒப்புமை

இதனை நம் முன்னோர் மரபிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபு வரிவடிவில் எழுதிய அறபுத்தமிழ் நூல்கள் பல உண்டு. அத்தகைய கிதாபு ஒன்றை அரபு மட்டுமே அறிந்த ஒருவரிடம் கொடுத்தால் அவர் எழுத்துகளை ஒருவாறு ஒலிப்பார், பொருள் விளங்காது. தமிழ் வரிவடிவம் மட்டுமே அறிந்த ஒருவரிடம் கொடுத்தால் அவரால் ஒலிக்கவும் இயலாது. எழுத்து அரபு, மொழி தமிழ் என்ற இரண்டையும் அறிந்தவருக்கே அது வாய்திறந்து பேசும்.

பைட்டுகளும் அவ்வாறே. 224, 174, 133 என்ற எண்களை யூ.டி.எஃப்-8 என்று அறிந்து படித்தால் ‘அ’ கிடைக்கும். அவற்றையே மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய விண்டோஸ்-1252 குறியேற்றத்தில் படித்தால், தலையில் சாய்கோடு இட்ட லத்தீன் உயிரெழுத்து ஒன்றும், வட்டத்துக்குள் அடைபட்ட வணிகப் பதிவுக் குறியும், தொடர்புள்ளிக் குறியும் தோன்றும். தமிழ் அழைப்பிதழ்களில் நாம் காணும் உருத்தெரியாத குறிகளின் பிறப்பிடம் இதுவே. பைட்டு ஒன்றும் கெடவில்லை. படித்த முறைதான் தவறியது.

இருவகை ஓடைகள்

கோப்பு முழுவதையும் ஒருங்கே விழுங்காமல், குழாயில் வரும் நீரைக் குடத்தில் பிடிப்பது போலச் சிறிது சிறிதாகப் பெறுவதற்கு நிரலாளர் அமைத்த ஏற்பாடே ஓடையாகும். இவ்வோடை இருவகைப்படும். பைட்டுகளை அவ்வாறே கடத்துவது பைட்டோடை. பைட்டுகளைக் குறியேற்றத்தின் துணையால் எழுத்துகளாக மாற்றிக் கடத்துவது எழுத்தோடை.

நிரல்மொழிகள் இவ்வேறுபாட்டைப் படிப்படியாகவே ஏற்றன. ஜாவா மொழி 1996இல் வெளிவந்தபோது பைட்டோடையே அதன் அடிப்படையாக இருந்தது. 1997இல் வந்த 1.1ஆம் பதிப்பில் எழுத்துகளுக்கென ‘ரீடர்’, ‘ரைட்டர்’ என்னும் தனி வகைகள் சேர்க்கப்பட்டன. பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பு பைட்டையும் எழுத்துச் சரத்தையும் கலந்து வழங்கியது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு இரண்டையும் திட்டவட்டமாகப் பிரித்தது. பழைய நிரல்கள் பல இதனால் ஓடாமல் நின்றன. எனினும் அப்பிரிவு ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்குப் பெருநன்மை செய்தது என்றே கூற வேண்டும்.

மின்னஞ்சல் இதனோடு மற்றொரு படியையும் சேர்த்தது. தொடக்கக் கால மின்னஞ்சல் 128 குறிகளை மட்டுமே கடத்த வல்லதாக இருந்தது. அதன்வழிப் படமும் ஒலியும் பிறமொழி எழுத்தும் அனுப்புவதற்கென நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகியோர் வகுத்த ‘மைம்’ என்னும் முறை 1992ஆம் ஆண்டு ஜூனில் ஆவணமாக வெளிவந்தது. அம்முறையில் இணைப்பு பெரும்பாலும் ‘பேஸ்-64’ வடிவம் பெறும். மூன்று பைட்டுகளை நான்கு எளிய குறிகளாக மாற்றுவது அதன் வழி. இருபத்தொரு பைட்டு கொண்ட நம் ‘கல்லூரி’, அஞ்சலில் இருபத்தெட்டுக் குறிகளாகப் பயணம் செய்கிறது. சேரும் இடத்தில் அதனை அவிழ்த்தால் கிடைப்பது எழுத்தன்று, பைட்டே. அதன்பின் குறியேற்றம் அறிந்து எழுத்தாக்குவது தனியொரு செயல்.

வகை மாறும்போது நேர்வன

இவ்விரு வகைகளுள் ஒன்றை எதிர்பார்க்கும் இடத்தில் மற்றொன்றைத் தந்தால் நேர்வதே ஓடை வகைப் பிழையாகும். பைத்தான் மொழியில் ‘பைட்ஸ்-ஐஓ’ என்பது பைட்டுகளுக்கான நினைவக ஓடை. ‘ஸ்ட்ரிங்-ஐஓ’ என்பது எழுத்துகளுக்கானது. முன்னதில் எழுத்துச் சரத்தை இட்டால், ‘பைட்டு வகைப் பொருள் வேண்டும், சரம் தரப்பட்டுள்ளது’ என்னும் கருத்துடைய பிழைச் செய்தி தோன்றி நிரல் நிற்கும். பின்னதில் பைட்டை இட்டாலும் அவ்வாறே நிற்கும்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஒரே நிரல் ஒருவர் அனுப்பிய அழைப்பை ஏற்றுக்கொள்ளும். மற்றொருவர் அனுப்பியதைக் கண்டதும் நின்றுவிடும். காரணம் உறையின்மேல் எழுதப்பட்ட பெயரில் உள்ளது. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் அதன் வகையைக் கூறும் தலைக்குறிப்பு உண்டு. நாட்காட்டிக் கோப்புக்கு உரிய குறிப்பு ‘டெக்ஸ்ட்/காலண்டர்’ என்பதாகும். அவ்வாறு குறித்திருந்தால் பைத்தானின் இன்றைய மின்னஞ்சல் நூலகம் உள்ளடக்கத்தைக் கேட்கும்போது எழுத்துச் சரமாகவே தரும். அதே கோப்பை அனுப்பியவர் ‘அப்ளிகேஷன்’ என்ற பொதுவகையில் குறித்திருந்தால் அதே நூலகம் பைட்டுகளாகத் தரும். சரம் வரும் என்று மட்டும் எண்ணி எழுதப்பட்ட நிரல் இங்கே இடறுகிறது. உள்ளிருக்கும் கடிதம் ஒன்றே. உறை வேறானதால் கையில் கிடைப்பதும் வேறாகிறது.

இத்தகைய பிழையைக் கண்டு நிரலாளர் சலிப்படைவதுண்டு. ஆயினும் இது நன்மை செய்யும் பிழை என்பது நம் கருத்து. தவறு நேர்ந்த இடத்திலேயே உரக்கச் சொல்லிவிடுவதால் திருத்திக்கொள்ள வழியுண்டு. அஞ்சத்தக்கது வாய்திறவாத பிழையே. அதனை அடுத்துக் காண்போம்.

எழுபத்தைந்து பைட்டும் ஒரு புள்ளியும்

ஐ-காலண்டர் கோப்பின் வரி ஒன்று, வரி முடிவுக் குறி நீங்கலாக, 75 பைட்டுக்கு மேல் நீளலாகாது என்று ஆர்.எஃப்.சி. 5545 அறிவுறுத்துகிறது. நீண்டால் வரியை முறித்து, அடுத்த வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி இட்டு மீதியை எழுத வேண்டும். படிக்கும் நிரல் அவ்விடைவெளியையும் வரி முடிவையும் நீக்கி மீண்டும் ஒன்றாக்கிக்கொள்ளும். இதற்கு மடித்தல் என்றும் மடிப்பு நீக்கல் என்றும் பெயர்.

வரம்பு எழுத்தால் சொல்லப்படவில்லை, பைட்டால் சொல்லப்பட்டது என்பதை ஈண்டு உற்று நோக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே. ஆகவே எந்த இடத்தில் முறித்தாலும் எழுத்து முறியாது. தமிழில் என்னாகும்?

‘தமிழ்த்துறை ஆண்டு விழாக் கூட்டம்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். ‘சம்மரி’ என்னும் ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் 8 பைட்டு. ‘தமிழ்த்துறை’ 11 குறியீடு, 33 பைட்டு, கூட்டினால் 41. இடைவெளி ஒன்று, 42. ‘ஆண்டு’ 5 குறியீடு, 15 பைட்டு, 57. இடைவெளி ஒன்று, 58. ‘விழா’ 4 குறியீடு, 12 பைட்டு, 70. அடுத்து வரும் ககரத்துக்கு 3 பைட்டு, 73. இனி அதன் தலையில் இட வேண்டிய புள்ளி. அதற்கும் 3 பைட்டு வேண்டும்: 224, 175, 141. வரியில் எஞ்சியிருப்பதோ இரண்டே இடம். எனவே 224, 175 ஆகிய இரண்டும் முதல் வரியின் கடைசியில் நிற்க, 141 மட்டும் அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறது. ஒற்றெழுத்தின் புள்ளி இரு துண்டாகிறது.

மடிப்பை முதலில் நீக்கிப் பின்னர் எழுத்தாக்கும் நிரலாயின் தீங்கில்லை. துண்டுகள் ஒன்றுசேர்ந்து புள்ளி உயிர்பெறும். ஆனால் கோப்பை எழுத்தோடையாகத் திறந்து வரிவரியாகப் படிக்கும் நிரல் என்ன செய்யும்? மடிப்பு நீங்குமுன்பே எழுத்தாக்கிவிடும். 224, 175 என்பது முற்றுப்பெறாத எழுத்து. 141 என்பது தலையில்லாத எழுத்து. கண்டிப்பான நிரல் பிழை காட்டி நிற்கும். மென்மையான நிரலோ இரண்டு இடத்திலும் வினாக்குறி அடைபட்ட சாய்சதுரம் போன்ற மாற்றுக்குறியை இட்டுவிட்டு, ஒன்றும் நடவாதது போல மேற்செல்லும். அவ்வாறே சேமித்தும் விட்டால் மூலப் பைட்டுகள் அழிந்தொழியும். பின்னர் எவ்வளவு முயன்றாலும் அக்கோப்பிலிருந்து அப்புள்ளியை மீட்க இயலாது.

புள்ளியின் அருமை தமிழ் பயில்வோர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. மெய் புள்ளி பெறும் என்பதைத் தொல்காப்பியமே வரையறுக்கிறது. ஓலைச்சுவடியில் புள்ளி இடாது எழுதிய காரணத்தால் பதிப்பாசிரியர்கள் ஓரெழுத்து மெய்யா உயிர்மெய்யா எனத் துணிவதற்குப் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும் அவர்களுக்கு யாப்பும் பொருளும் துணை நின்றன. இயந்திரத்துக்கு அத்துணை இல்லை.

இவ்விடர்ப்பாட்டை ஆர்.எஃப்.சி. 5545 அறியாமல் விடவில்லை. எளிய முறையில் எழுதப்பட்ட நிரல்கள் பலபைட்டு எழுத்தின் நடுவே வரியை முறித்துவிடக்கூடும் என்றும், படிக்கும் நிரல்கள் மூலத் தொடரை மீட்கும் வகையில் மடிப்பை நீக்க வேண்டும் என்றும் அது எச்சரிக்கிறது. குறை தரத்தில் இல்லை. அதனைப் படியாமல் எழுதப்படும் நிரல்களில் உள்ளது.

வரி முடிவும் ஓடையின் முனையும்

வேறு சில பிழைகளையும் சுருக்கமாகக் காண்போம்.

ஐ-காலண்டர் வரி ஒவ்வொன்றும் 13, 10 என்ற இரு பைட்டுகளால் முடிய வேண்டும். விண்டோஸ் கணிப்பொறியில் கோப்பை எழுத்து முறையில் திறந்து எழுதினால், 10 என்ற பைட்டுக்கு முன் 13 ஒன்றை ஓடையே சேர்க்கும். நிரலாளர் முன்னரே 13 இட்டிருந்தால் 13, 13, 10 என்று இரட்டிக்கும். சில நாட்காட்டிகள் இதனைப் பொறுத்துக்கொள்ளும். சில ஏற்க மறுக்கும்.

டாட்நெட் சூழலில் மின்னஞ்சல் இணைப்பை ஓர் ஓடையிலிருந்து அமைக்கலாம். நிரலாளர் நினைவக ஓடையில் நாட்காட்டிச் செய்தியை எழுதி முடித்ததும், ஓடையின் முனை கடைசியில் நிற்கும். அதனைத் தொடக்கத்துக்குத் திருப்பாமல் இணைத்தால், அங்கிருந்து படிக்க ஏதும் இராது. வெற்று இணைப்பே போய்ச் சேரும். எழுதிய கருவியை மூடினால் அடியிலிருக்கும் ஓடையும் உடன் மூடப்படுவதால், ‘மூடிய ஓடையை அணுக இயலாது’ என்ற பிழை வருவதும் உண்டு. எழுத்து ஓடையில் உண்மையாகச் சென்று சேருமாறு வெளித்தள்ளி, முனையைத் தொடக்கத்தில் நிறுத்தி, அஞ்சல் செல்லும்வரை ஓடையைத் திறந்து வைத்திருத்தலே முறை.

யூ.டி.எஃப்-8 கோப்பின் தலைப்பில் 239, 187, 191 என்னும் மூன்று அடையாளப் பைட்டுகளை எழுதும் கருவிகளும் உள. கண்ணுக்குத் தெரியாத அவை முதற்சொல்லுக்கு முன் நிற்பதால், ‘பிகின்’ என்று தொடங்காத கோப்பு எனக் கருதிச் சில நிரல்கள் அதனைத் தள்ளிவிடும்.

நேரமும் நாட்காட்டி முறையும்

எவ்வாறு படிப்பது என்னும் குறிப்பு எழுத்துக்கு மட்டுமன்றி நேரத்துக்கும் வேண்டும். தொடக்க நேரத்தின் இறுதியில் ‘இசட்’ என்ற எழுத்து இருந்தால் அது உலகப் பொது நேரம். 103000 என்பதை அடுத்து அவ்வெழுத்து நின்றால், இந்திய நேரப்படி ஐந்தரை மணி கூட்டி மாலை 4 மணி என்று கொள்ள வேண்டும். அவ்வெழுத்தும் இன்றி, நேர வலயக் குறிப்பும் இன்றி இருந்தால், பார்ப்பவர் எந்த ஊரில் உள்ளாரோ அந்த ஊர் நேரமாகக் கொள்ளப்படும். துபாயிலிருந்து காண்பவருக்கும் காயல்பட்டினத்திலிருந்து காண்பவருக்கும் அது வெவ்வேறு பொழுதைக் குறிக்கும்.

ஆண்டுதோறும் வரும் நிகழ்ச்சியைக் கிரிகோரியன் அல்லாத நாட்காட்டியில் கணக்கிட வேண்டின், எந்த நாட்காட்டி என்பதை அறிவிப்பதற்கு 2015இல் வந்த ஆர்.எஃப்.சி. 7529 வழி செய்துள்ளது. கணக்கீட்டு முறையிலான ஹிஜ்ரீ நாட்காட்டியையும் இதன்வழிக் குறிக்கலாம். பிறை கண்டு துணியும் நாளை எந்தக் கோப்பும் முன்னதாக உறுதிசெய்ய இயலாது என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய நெறிகள்

கணிப்பொறி பயிலும் மாணவச் செல்வங்கள் நாட்காட்டி இணைப்பைக் கையாளும்போது பின்வரும் வரிசையை மேற்கொள்வார்களாயின் இடர் வாராது.

முதலாவது, வந்த இணைப்பைப் பைட்டாகவே பெற வேண்டும். அது எழுத்துத்தானே என்று அவசரப்பட்டு எழுத்தோடையில் இடலாகாது.

இரண்டாவது, வரி முடிவையும் அதனை அடுத்த இடைவெளியையும் பைட்டு நிலையிலேயே நீக்கி மடிப்பை நீக்க வேண்டும்.

மூன்றாவது, அதன் பின்னரே தலைக்குறிப்பில் சொல்லப்பட்ட குறியேற்றத்தால் ஒரே ஒரு முறை எழுத்தாக்க வேண்டும். குறிப்பு இல்லையெனில் ஐ-காலண்டருக்கு யூ.டி.எஃப்-8 என்பதே தரம் கூறும் முடிபு. கணிப்பொறியின் இயல்பு அமைப்பு எதுவோ அதற்கு விட்டுவிடலாகாது. ஜாவா மொழியிலும் 2022இல் வந்த 18ஆம் பதிப்பில்தான் யூ.டி.எஃப்-8 இயல்பு அமைப்பாயிற்று. அதற்கு முந்தைய பதிப்புகளில் அது கணிப்பொறிக்குக் கணிப்பொறி வேறுபடும்.

நான்காவது, அனுப்பும்போது இதன் மறுதலையைச் செய்ய வேண்டும். மடிக்கும்போது பைட்டால் எண்ணி, எழுத்தின் எல்லையில் முறிக்க வேண்டும். 75 என்பது மேல்வரம்பு; 73இலேயே முறிப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

ஐந்தாவது, வகையையும் குறியேற்றத்தையும் தலைக்குறிப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

ஆறாவது, நிரலை ஆங்கிலத் தலைப்பால் மட்டும் சோதித்து மனநிறைவு கொள்ளலாகாது. நீண்ட தமிழ்த் தலைப்பு ஒன்றாலும், இயலுமாயின் அரபுத் தலைப்பு ஒன்றாலும் சோதிக்க வேண்டும். ஆங்கிலச் சோதனையில் மறைந்து நிற்கும் பிழை தமிழ்ச் சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

இதனால் தமிழுக்கு என்ன?

இது நிரலாளர் பாடு, தமிழ்த்துறைக்கு இதில் என்ன என்று வினவுவோர் இருக்கலாம். ஓர் அலுவலகத்தில் தமிழ் அழைப்பு இருமுறை சிதைந்தால், மூன்றாம் முறை எழுத்தர் என்ன செய்வார்? ‘ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடுவோம், அதுதான் பத்திரம்’ என்பார். அவரைக் குறை கூறுவதற்கில்லை; கூட்டத்துக்கு ஆள் வந்தாக வேண்டும். சட்டம் ஏதும் தமிழை விலக்கவில்லை. எவரும் தமிழை வெறுக்கவில்லை. எனினும் ஒரு பயன்பாட்டிலிருந்து தமிழ் ஓசையின்றி வெளியேறிவிடுகிறது. இவ்வாறு ஒவ்வொரு பயன்பாடாக வெளியேறினால், மேடையிலும் மலரிலும் மட்டும் வாழும் மொழியாகிவிடும்.

அழைப்பு என்பது சிறு தாள்தான். ஆனால் ஆங்கிலம் அறியாத பெற்றோர் தம் பிள்ளையின் பட்டமளிப்பு விழா எந்நாள் என்று அறிவதும், ஜமாஅத்துப் பெரியவர் கூட்டத்துக்குக் காலத்தில் வந்து சேர்வதும் அச்சிறு தாளால்தான். அதில் தாய்மொழி நிலைத்திருக்க வேண்டுமாயின், ‘விழாக்’ என்னும் சொல்லின் இறுதிப் புள்ளியைக் காக்கத் தெரிந்த நிரலாளர் வேண்டும். அவரிடம் குறையைத் தெளிவாக எடுத்துச் சொல்லத் தெரிந்த தமிழ் மாணவரும் வேண்டும். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று பொதுப்படக் கூறினால் எவர்க்கும் பயனில்லை. ‘மடிப்பு நீக்குமுன் எழுத்தாக்கப்படுகிறது’ என்று கூறினால் அன்றே திருத்தம் பிறக்கும்.

முடிவுரை

நாட்காட்டிக் கோப்பு பயணத்தில் பைட்டு, படிப்போர்முன் எழுத்து. இவ்விரு நிலையையும் இணைப்பது குறியேற்றம் என்னும் உடன்பாடு. எந்த நிலையில் உள்ளதோ அந்த நிலைக்குரிய ஓடையில் அதனைச் செலுத்தினால் பிழை நேராது. நிலை மாறும் இடம் ஒன்றே ஒன்றாகவும், அவ்விடத்தில் குறியேற்றம் வெளிப்படையாகவும் இருத்தல் வேண்டும். ஒரு பைட்டு எழுத்துகளைக் கொண்ட மொழியில் இவ்வேறுபாடு மறைந்து கிடந்தது. மூன்று பைட்டுத் தமிழ் அதனை வெளிக்கொணர்ந்து காட்டுகிறது. ஆகவே தமிழால் கணிப்பொறிக்கு இடையூறு என்பது பொருந்தாது. தமிழைச் சரியாகக் கையாளும் நிரல் எம்மொழியையும் சரியாகக் கையாளும் என்பதே பொருந்தும். எழுத்திலக்கணம் பயின்ற நம் மாணவர்கள் எழுத்து வேறு, அதன் வடிவு வேறு என்று முன்னரே அறிந்தவர்கள். அவ்வறிவைக் கணிப்பொறியிடத்தும் கொண்டுசெல்வார்களாயின், நம் கல்லூரியிலிருந்து செல்லும் அழைப்பிதழ் ஒவ்வொன்றும் புள்ளி பிறழாமல் உரியவர் கையில் உரிய காலத்தில் சேரும், இன்ஷா அல்லாஹ்.